ரிக் வண்டியின் மாஸ்ட்: தூக்குவதும் இறக்குவதும்

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் ரோட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும், டம்ளர் காலியாவதற்குள் போர்வெல் போடும் ரிக் வண்டி ஒன்றாவது கடந்து போகும். முன்னால் ரிக், அதன் பின்னாலேயே ராடும் கேசிங் பைப்பும் ஏற்றிய சப்போர்ட் லாரி. ரிக்கின் முதுகில், டிரைவர் கேபினுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நீளமான இரும்புச் சட்டம் ஒன்று படுத்திருக்கும். அதுதான் மாஸ்ட். திருச்செங்கோடு இருக்கும் நாமக்கல் மாவட்டம் என்றால் முட்டையும் லாரியும் நினைவுக்கு வருகிற அளவுக்கு வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தொழில் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் மகாராஷ்டிரத்திலோ மத்தியப் பிரதேசத்திலோ ஏதோ ஒரு வயலில் போர் ஓடிக்கொண்டிருந்தால், அந்த வண்டி திருச்செங்கோட்டிலிருந்து போனதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆப்பிரிக்க நாடுகள் வரைக்கும் இந்த வண்டிகள் போயிருக்கின்றன.

போர் போடுவதில் எல்லாரும் பேசுவது எத்தனை அடி, எத்தனை இஞ்ச் தண்ணீர் என்பதைத்தான். அந்த மாஸ்ட்டை எழுப்பி நிறுத்தும் சில நிமிடங்களையும், வேலை முடிந்து அதைப் படுக்க வைக்கும் சில நிமிடங்களையும் பற்றி யாரும் பேசுவதில்லை. ரிக் வேலையில் ஒரே நொடியில் நாலைந்து பேர் உயிர் போகக்கூடிய நேரம் அதுதான். ரிக்கில் வேலை செய்பவர்களுக்கு மட்டுமில்லை, தோட்டத்துக்கு வண்டியை வரவழைக்கும் விவசாயிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பாதி முடிவு அவர் கையில் இருக்கிறது.

முதலில் மாஸ்ட் ஏன் அத்தனை உயரம் என்று பார்த்துவிடலாம். சேலம், நாமக்கல் பக்கம் மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் நைஸ், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. பாறைக்குள் தண்ணீர் தங்காது, வெடிப்புகளில்தான் ஓடும். அந்த வெடிப்பைத் தேடித்தான் ஆயிரம் அடியைத் தாண்டியும் இறங்குகிறார்கள். துளையின் அடியில் ஹேமர் பாறையைத் தட்டித் தூளாக்குகிறது. கம்ப்ரஸர் காற்று ராடு வழியாக இறங்கி அந்த ஹேமரை ஓட்டிவிட்டு, தூளையும் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. 1966-67 பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் கொண்டுவந்து இறக்கிய காற்று ரிக்குகளுக்குப் பிறகுதான் இந்த முறை இந்தியக் கிராமங்களில் பரவியது. ஒரு ராடு 20 அடி. அதை நிமிர்த்தி, தலையில் அதைச் சுழற்றும் ரோட்டரி ஹெட்டை மாட்டி, மேலும் கீழும் ஓட்ட வேண்டும் என்றால், பிடித்துக்கொள்ளும் சட்டம் ராடைவிட நீளமாகத்தான் இருக்க வேண்டும். வண்டியின் உயரமும் சேர்ந்தால் நிமிர்ந்த மாஸ்ட்டின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 30 அடியில் இருக்கும்.

இப்போது இன்னொரு அளவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலும், பிறகு அதற்குப் பதிலாக வந்த 2010 ஒழுங்குமுறைகளிலும், வயல்வெளியில் போகும் 11 கிலோவோல்ட் வரையிலான வெற்றுக் கம்பி தரையிலிருந்து 4.6 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருந்தது. 4.6 மீட்டர் என்றால் 15 அடி. ரோட்டைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 11 கிலோவோல்ட் கம்பிக்கு 6.1 மீட்டர், அதாவது 20 அடி. விதிப்படி ஒழுங்காக இழுத்துக் கட்டிய கம்பிகூட மாஸ்ட்டின் உயரத்தில் பாதியிலோ, மூன்றில் இரண்டு பங்கிலோதான் இருக்கிறது. விபத்து நடந்தால் "கம்பி தாழ்வாத் தொங்குச்சுங்க" என்பார்கள். பல இடத்தில் தொங்கவும் செய்கிறது. ஆனால் மாஸ்ட்டை எழுப்பும் விஷயத்தில் கம்பி தொங்க வேண்டிய தேவையே இல்லை. சரியாக இருக்கும் கம்பியே போதும்.

அதனால்தான் சொல்கிறேன், மாஸ்ட்டைத் தூக்கும் வேலை லீவரைத் தள்ளும்போது தொடங்குவதில்லை. பாயின்ட், அதாவது போர் போடும் இடம், குறிக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

பாயின்ட் எப்படிக் குறிக்கிறோம்? நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடக்கிறார். சிலர் வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், சிலர் மெஷின் வைத்துப் பார்ப்பார்கள். யார் பார்த்தாலும் கண்ணெல்லாம் மண்ணில்தான் இருக்கும். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் தடவிப் பூ வைத்தாகிவிட்டால் அந்த இடம் குடும்பத்துக்கே முடிவாகிவிடுகிறது. தலைக்கு மேலே மூன்று கம்பி போகிறதா என்று அந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்தவர் யாரும் இல்லை. பிறகு ஏஜென்ட் வருகிறார், அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுகிறார், ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டி வந்து சேர்கிறது. ரிக்கை இயக்கும் டிரில்லர் ஹெட்லைட் வெளிச்சத்தில் கல்லைப் பார்த்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்கிறார். ஹெட்லைட் தரையைக் காட்டும். கம்பியைக் காட்டாது. இருட்டு வானத்தில் கறுத்துப்போன அலுமினியக் கம்பி கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

டிரில்லர் விவரமானவராக இருந்து, "ஏனுங்க, மேல லைன் போகுதுங்க, பத்துப் பதினஞ்சு அடி தள்ளிப் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் தோட்டக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. இந்த இடத்தில் நான் ரிக்காரர் பக்கம்தான் நிற்பேன். கெட்டிப் பாறையில் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று துளை போடாமல் உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. தள்ளிப் போட்டால் தண்ணீர் வராமல் போகலாம் என்பது உண்மைதான். கல் நட்ட இடத்திலேயே போட்டு, தண்ணீர் இல்லாமல் கல்தூள் புகை மட்டும் வந்த தோட்டங்கள் எத்தனை என்பதும் இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நிச்சயமில்லாத தண்ணீருக்காக நிச்சயமாக மின்சாரம் ஓடும் கம்பிக்கு அடியில் நிற்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. பாயின்ட் பார்க்க வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: லைனுக்கு இந்தப் பக்கம் 50 அடியும் அந்தப் பக்கம் 50 அடியும் விட்டுவிட்டுத் தேடுங்கள் என்று.

50 அடி எதற்கு, மாஸ்ட்டே 30 அடிதானே என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. மாஸ்ட்டின் கீல் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. தலை முன்பக்கம், கேபினுக்கு மேலே படுத்திருக்கிறது. எழும்போது அது நின்ற இடத்தில் நேராக வளர்வதில்லை; கேபினுக்கு முன்னாலிருந்து புறப்பட்டு, வண்டியின் முழு நீளத்துக்கும் மேலே கால் வட்டம் போட்டு, கடைசியில் பாயின்ட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. அதனால் பாயின்ட்டுக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தால் போதாது. கேபினுக்கு மேலேயோ வண்டியின் நடுவிலோ ஒரு கம்பி குறுக்கே போனால், மாஸ்ட் எழும் வழியில் அதைச் சந்தித்தே தீரும். பாயின்ட்டில் நின்று மேலே பார்த்துவிட்டு "லைன் இல்லைங்க" என்பவர், லாரி எந்தத் திசையில் நிற்கும் என்பதையும் கேட்டு, அதன் மூக்கு இருக்கப்போகும் இடம் வரை நடந்து பார்க்க வேண்டும். சில சமயம் பாயின்ட்டை மாற்றாமல் வண்டியின் திசையை மட்டும் மாற்றினாலே சிக்கல் தீர்ந்துவிடும். ராத்திரி என்றால் நல்ல டார்ச்சை மேலே அடித்து, கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கண்ணால் தொடர்ந்து போக வேண்டும். தென்னை மட்டைக்குள் ஒளிந்திருக்கும் கம்பி, பக்கத்து வீட்டு சர்வீஸ் ஒயர், தெருவிளக்கு லைன் எல்லாம் இதில் சேர்த்தி.

எவ்வளவு இடைவெளி போதும்? அமெரிக்காவில் கிரேன்களுக்கான விதியில் 50 கிலோவோல்ட் வரை 10 அடி, 200 வரை 15 அடி, 350 வரை 20 அடி என்று வைத்திருக்கிறார்கள். 11 கிலோவோல்ட் காற்றில் பத்தடியெல்லாம் தாவாது, சில அங்குலம்கூடத் தாவாது. அந்தப் பத்தடி மின்சாரம் தாவுவதற்காக வைத்ததில்லை. கீழே நின்று பார்க்கும் கண் தூரத்தைத் தப்பாகக் கணிக்கும்; காற்றடித்தால் கம்பி ஊஞ்சலாடும்; மதிய வெயிலில் நீண்டு தொய்யும்; மாஸ்ட்டும் குலுங்கும். இதற்கெல்லாம் சேர்த்து விட்ட இடம் அது. மேட்டூரிலிருந்து கிளம்பி சேலம் மாவட்டம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் 110, 230 கிலோவோல்ட் டவர் லைன்களுக்கு அருகே என்றால் பேச்சே வேண்டாம், அங்கே போர் போடாதீர்கள்.

அடுத்தது, "கரன்ட் இல்லைங்க, தைரியமாத் தூக்குங்க" என்கிற பேச்சு. அதிகம் பயப்பட வேண்டியது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

கரன்ட் போயிருக்கிறது என்றால் அது எந்த நொடியிலும் திரும்பி வரும் என்று அர்த்தம். த்ரீபேஸ் இல்லை என்றால் இன்னும் மோசம்: தோட்டத்து மோட்டார் ஓடாது, வீட்டில் விளக்கு எரியும். விளக்கு எரிகிறது என்றால் மேலே போகும் கம்பிகளில் மின்சாரம் இருக்கிறது. சிலர் ஒரு படி மேலே போய், டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டு வந்து நிற்பார்கள். அந்த பியூஸ் டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் லைனைத்தான் அறுக்கும். டிரான்ஸ்பார்மருக்கு வந்து சேரும் 11 கிலோவோல்ட் லைன் அப்படியே உயிரோடு இருக்கும். வி வடிவ இரும்புச் சட்டத்தில் பெரிய பீங்கான்கள் மேல் மூன்று கம்பி போகிறதே, அது. அறுத்ததாக நினைத்த பக்கத்திலும், யாராவது வீட்டு ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் மின்சாரம் பின்வழியாக லைனுக்கு வந்துவிடும்.

லைனுக்கு அருகில்தான் வேலை செய்தாக வேண்டும், வேறு இடமே இல்லை என்றால் ஒரே வழி மின்வாரியம்தான். செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, எல்.சி. என்று அவர்கள் சொல்லும் லைன் கிளியர் வாங்கி, அவர்களுடைய ஆளே வந்து சுவிட்சைத் திறந்து, லைனில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் அந்தக் கம்பி வெறும் கம்பி. எர்த் மாட்டுவது எதற்கென்றால், யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் அங்கேயே தரைக்குப் போய் சப்ஸ்டேஷனில் பிரேக்கர் விழ வேண்டும் என்பதற்காக. அந்த ஆள் நிற்கும்வரைதான் வேலை. "அவரு போயிட்டாரு, இன்னும் அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்" என்பது கிடையாது.

வானத்தைப் பார்த்தாயிற்று. இனி தரை. மாஸ்ட் படுத்திருக்கும்போது வண்டியின் எடை நாலு பக்கமும் பரவி இருக்கிறது. எழுந்தால் அந்த இரும்பு மொத்தமும் பின்பக்கமாகவும் உயரமாகவும் போய்விடுகிறது. ஒரு பக்க ஜாக்கி மண்ணில் நாலு அங்குலம் புதைந்தால், 30 அடி உயரத்தில் இருக்கும் தலை நாலு அங்குலம் மட்டும் சாய்வதில்லை, அடிகளில் சாயும். நம் பக்கம் ஏமாற்றும் தரைகள் நிறைய. நேற்று உழுத காடு, தண்ணீர் பாய்ச்சிய வாழைத்தோப்பு, மூடிய செப்டிக் டேங்க், மண் போட்டுத் தூர்த்த பழைய கிணறு. மேலே புல் முளைத்துவிட்டால் தூர்த்த கிணறு எங்கே இருந்தது என்று தோட்டத்துப் பெரியவருக்கு மட்டும்தான் தெரியும், அவரைக் கேட்க வேண்டும். திறந்த கிணற்றின் ஓரமும் ஆகாது. மேலே கருங்கல் கட்டடம் உறுதியாகத் தெரிந்தாலும், பின்னால் மண் அரித்துப் பொந்தாகியிருக்கும். ஜாக்கித் தட்டுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கு நெடுக்காகப் போட்டு, வண்டியை மட்டம் பார்த்து, அப்புறம் பத்து நிமிடம் விட்டு மறுபடி பார்ப்பது நல்லது. இறங்குகிற மண் அதற்குள் இறங்கிக் காட்டிவிடும்.

தூக்கும் முன் மாஸ்ட்டை ஒருமுறை சுற்றிவர வேண்டும். பயணத்துக்குப் போட்ட சங்கிலியும் லாக்கும் கழற்றியாச்சா, மேலே ஸ்பானரோ போல்ட்டோ கிடக்கிறதா, ஹைட்ராலிக் ஹோஸ் எதிலாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா, கீல் பின்னுக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா. கேபின் கூரைமேல் யாராவது தூங்குகிறார்களா என்றும் பாருங்கள். ராத்திரி முழுக்க வண்டியில் வந்த பையன்கள் காற்று வரும் இடத்தில் படுத்துவிடுவார்கள்.

இப்போது லீவர். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொண்டால் மாஸ்ட் ஏன் சில இடங்களில் முரண்டு பிடிக்கிறது என்று புரியும். ரோட்டரி ஹெட்டோடு மாஸ்ட்டின் எடை 2 டன், அந்த எடையின் மையம் கீலிலிருந்து 12 அடி தள்ளி இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். படுக்கையில் இருக்கும்போது கீலைச் சுற்றி அது கீழே அழுத்தும் திருப்புவிசை 24 டன்-அடி. மாஸ்ட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் கீலிலிருந்து 3 அடியில் நெம்புகிறது என்றால், அது 8 டன் கொடுத்தால்தான் மாஸ்ட் படுக்கையிலிருந்து அசையும். 60 டிகிரி எழுந்துவிட்டால் அந்தத் திருப்புவிசை பாதியாகிவிடும். 80 டிகிரியில் ஆறில் ஒரு பங்குதான். நீளமான ஏணியைத் தரையிலிருந்து எடுத்து நிறுத்தியவர்களுக்கு இது கையிலேயே தெரியும்: முதல் முழம்தான் பாரம், பாதிக்கு மேல் தானாக வரும், கடைசியில் அந்தப் பக்கம் விழாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைசியில் சொன்னது மாஸ்ட்டுக்கும் பொருந்தும். எடைமையம் கீலுக்கு நேர் மேலே வந்து, அதைத் தாண்டிவிட்டால், அதுவரை முன்னே விழப் பார்த்த இரும்பு பின்னே விழப் பார்க்கும். அதுவரை தள்ளிக்கொண்டிருந்த சிலிண்டர் இப்போது இழுத்துப் பிடிக்க வேண்டும். லீவரை அதே வேகத்தில் அழுத்திக்கொண்டிருந்தால் மாஸ்ட் கடைசி சாணில் சட்டென்று தாவி உட்காரும், வண்டியே ஆடும். அதனால் முதலில் ஒரு அடி தூக்கி நிறுத்துங்கள். ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா, ஜாக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு என்ஜின் வேகத்தை ஏற்றாமல் நிதானமாகக் கொண்டுபோய், கடைசிப் பத்து டிகிரியை அங்குலம் அங்குலமாக முடியுங்கள். சிலிண்டருக்குள் காற்று புகுந்திருந்தால் மாஸ்ட் விக்கி விக்கி எழும். அப்படி எழுந்தால் மேலே போகாமல் இறக்கிவிட்டு, காற்றை எடுத்த பிறகு தூக்க வேண்டும்.

கடலோரத்தில் சின்னப் பாய்ப்படகு வைத்திருப்பவர்களும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். படகின் மேல்தளத்தில் கீலில் மாட்டிய பாய்மரம் பின்னோக்கிப் படுத்திருக்கும். முன்பக்கக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் முதலில் மரம் எழாது, ஏனென்றால் கயிறு மரத்தோடு ஒட்டியே போகிறது; இழுக்கும் பலமெல்லாம் மரத்தைக் கீலுக்குள் அழுத்துவதில் வீணாகும். அதற்காக அடியில் ஒரு குட்டைக் கழியைச் செங்குத்தாக நிறுத்தி, கயிற்றை அதன் தலை வழியாகக் கொண்டுவந்து இழுப்பார்கள். கயிற்றுக்கு உயரம் கிடைத்ததும் மரம் எழும்பும். பக்கத்துக்கு ஒரு கயிறு கட்டி மரம் ஆடாமல் பிடித்துக்கொள்வார்கள். ரிக்கில் சிலிண்டரைக் கீலிலிருந்து தள்ளி மாட்டியிருப்பதும் அந்தக் குட்டைக் கழியின் வேலையைத்தான் செய்கிறது. அவர்களுக்கும் பெரிய எமன் மின்கம்பிதான். கரையில் அலுமினியப் பாய்மரத்தை நிமிர்த்தி, படகை நீருக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் கம்பியில் உரசி உயிர் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு. படகு இறக்கும் துறைகளில் மேலே பார்க்கச் சொல்லி எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பது அதனால்தான்.

மாஸ்ட் எழும்போது லீவரில் ஒருவர் இருக்கிறார். அவர் பார்ப்பது சிலிண்டரையும் கீலையும். மேலே பார்க்க இன்னொருவர் வேண்டும்; அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலையே இருக்கக் கூடாது. கேசிங் பைப்பைத் தூக்கிக்கொண்டே பார்ப்பது, போனில் மேனேஜரிடம் பேசிக்கொண்டே பார்ப்பது எல்லாம் கணக்கில் வராது. வண்டியைவிட்டு நன்றாகத் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். அங்கிருந்துதான் மாஸ்ட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும்; நேர் அடியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். என்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது. அதனால் கையை உயர்த்தி விரித்தால் நிறுத்து என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். இப்போது ரிக்குகளில் வேலை செய்யும் பையன்களில் பலர் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். "நிறுத்து" என்றாலும் "ருக்கோ" என்றாலும் எல்லார் கையும் நிற்க வேண்டும். யார் சொன்னாலும் நிற்க வேண்டும், நேற்றுச் சேர்ந்த பையன் சொன்னாலும். அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று.

நிமிர்ந்ததும் லாக் பின்னைப் போட்டுவிட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி நிற்கும் மாஸ்ட்டுக்குக் கீழே வேலை செய்யக் கூடாது. ஹோஸ் வெடித்தாலும் மாஸ்ட் விழாமல் பிடிக்கும் வால்வு சிலிண்டரில் இருக்கும்தான். ஆனால் வால்வுக்குள் ஒரு துரும்பு தூசி போய் உட்கார்ந்தால் அதுவும் கசியும். பின் கசியாது.

மாஸ்ட் நிற்கும்போது வண்டி நகரக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு பாயின்ட்டில் புகை பறந்து, அதே தோட்டத்தில் அடுத்த பாயின்ட்டுக்குப் போகும்போதுதான் அது மறந்துபோகிறது. "இங்க இருந்து அங்கதானே, எதுக்கு இறக்கி ஏத்திக்கிட்டு?" ரேட் அடிக்கணக்கில். மாஸ்ட்டை இறக்கி ஏற்றும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அவசரத்துக்குக் காரணம் ஆட்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்த ரேட் முறையும் அவர்களைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. வரப்பு மேட்டில் ஒரு டயர் ஏறினால் 30 அடி உயரத்தில் இருக்கும் தலை எவ்வளவு வீசும் என்பதையும், நடுவில் ஒரு கம்பி இருந்தால் அதை யார் பார்ப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டால், இறக்கி ஏற்றும் நேரம் பெரிதாகத் தெரியாது. தோட்டக்காரர் அந்த நேரத்துக்கு ஒரு தொகை பேசிக்கொடுத்தால் நல்லது.

இறக்குவது ஏற்றுவதைவிட ஆபத்து என்பது என் கருத்து. ஏற்றும்போது எல்லாரும் புதிதாக வந்து விழிப்போடு இருப்பார்கள். இறக்கும்போது ராத்திரி பகலாக ஓட்டி, காதெல்லாம் அடைத்து, கண்ணில் கல்தூள் ஒட்டி, எப்போது கிளம்புவோம் என்று இருப்பார்கள். ஏற்றியபோது இருந்த இடைவெளியும் மாறியிருக்கும்: தண்ணீர் பீய்ச்சியடித்து ஜாக்கிக் கட்டைகள் சேற்றில் இருக்கும், காற்று திசை மாறியிருக்கும். அதனால் மேலே பார்க்கும் ஆளை மறுபடி நிறுத்திவிட்டு, ராடுகளையும் ஹேமரையும் எடுத்துவிட்டு, ரோட்டரி ஹெட்டை முழுக்கக் கீழே கொண்டுவந்த பிறகே லாக் பின்னைக் கழற்ற வேண்டும். ஹெட் மேலேயே இருந்தால் படுக்கும்போது திருப்புவிசை கூடும். செங்குத்தைத் தாண்டும்வரை சிலிண்டர் மாஸ்ட்டை இழுக்க வேண்டும், தாண்டியதும் அதுவாக வரும். அப்போது லீவரை முழுக்கத் திறந்துவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போய், கேபினுக்கு மேலே உள்ள தாங்கியில் அறைந்துவிடும். மாஸ்ட் தாங்கியில் உட்கார்ந்து சங்கிலி போட்டபின்தான் ஜாக்கியை எடுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுண்டு.

இத்தனையும் தாண்டி மாஸ்ட் கம்பியில் பட்டுவிட்டால்?

டயர் ரப்பர்தானே என்று நினைக்காதீர்கள். ரிக் நிற்பது இரும்பு ஜாக்கிகளின் மேல், அவை மண்ணில் ஊன்றியிருக்கின்றன. மின்சாரம் மாஸ்ட் வழியாக இறங்கி, ஜாக்கி வழியாக மண்ணுக்குள் பரவும். லீவர் பிடிப்பவர் வண்டியோடு சேர்ந்த இரும்புத் தட்டின் மேல் முழுக்க ஏறி நின்றால், அவர் கையும் காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் தப்பிக்க வழியுண்டு. மண்ணில் நின்றபடி லீவரைப் பிடித்திருந்தால், மின்சாரம் மண்ணுக்குப் போகும் பாதை அவர் உடம்புதான். இந்த ஒரு காரணத்துக்காகவே வண்டி வாங்கும்போது டிரில்லர் நிற்கும் தட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பட்டவுடன் வண்டியில் இருப்பவர்கள் அங்கேயே இருக்க வேண்டும், இரும்பையும் மண்ணையும் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. முடிந்தால் லீவரைத் திருப்பி மாஸ்ட்டைக் கம்பியிலிருந்து விலக்கலாம். கீழே இருப்பவர்கள் யாரும் ஓடிவந்து அவர்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. நாலைந்து பேர் போவது பெரும்பாலும் அப்படித்தான்: ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர் விழ, அவரைப் பிடித்தவர் விழ. வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் எட்டிக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். ஜாக்கி ஊன்றிய இடத்தில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். எட்டி அடிவைத்தால் ஒரு கால் அதிகத்திலும் இன்னொரு கால் குறைவிலும் இருக்கும். அந்த வித்தியாசம் இரண்டு கால் வழியாக உடம்பில் ஓடும். லைன் ஆஃப் ஆகிவிட்டது போலத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். சப்ஸ்டேஷனில் இருந்து மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். வறண்ட தரையில் பிரேக்கர் விழாமல் லைன் ஓடிக்கொண்டே இருப்பதும் உண்டு. மின்வாரியத்தார் வந்து ஆஃப் என்று சொல்லும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது.

கடைசியாக, திரும்பிப் போகும் பாதை. மாஸ்ட் படுத்திருந்தாலும் ரிக் உயரமான வண்டிதான். கிராமத்து ரோட்டில் தாழ்ந்த கம்பி குறுக்கே வந்தால், பையன் ஒருவன் மேலே ஏறி மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, அடியில் வண்டி நுழையும். ஈர மூங்கிலில் மின்சாரம் பாயும். காய்ந்ததாகத் தெரியும் மூங்கிலின் கணுவுக்குள்ளும் ஈரம் இருக்கும். பழகிய ரோடுதானே என்றும் இருந்துவிட முடியாது. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள், அதில் சிறுவர்களும் இருந்தார்கள். ஆண்டாண்டாகத் தேர் போன தெருதான் அது. பழகிய பாதை என்பதற்காகக் கம்பி விலகி நிற்காது. ரோட்டை ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போடுகிறோம், கம்பத்தை உயர்த்துவதில்லை.

தாழ்ந்த கம்பியைப் பார்த்தால் கழியை எடுக்காமல் போனை எடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, ராத்திரியிலும் எடுப்பார்கள். பக்கத்து வீட்டு மின் அட்டையில் இருக்கும் சர்வீஸ் நம்பரைச் சொன்னால் எந்த லைன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். போர் போடுவதற்கு நாள் குறித்திருப்பவர்கள் வண்டி வருவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே, பகல் வெளிச்சத்தில், பாயின்ட்டிலிருந்து மெயின் ரோடு வரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தபடி நடந்துவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் அந்த எண்ணில் சொல்லிவைத்தால், வண்டி வருவதற்குள் லைன்மேன் வந்து கம்பியை இழுத்துக் கட்ட நேரம் இருக்கும்.